பழைய டீசல் காரைத் தாவர எண்ணெயில் ஓட்டுவது: காரை விட எண்ணெயைக் கவனியுங்கள்

டீசல் காரின் டேங்கில் சமையல் எண்ணெயை ஊற்றினால் வண்டி ஓடுமா? ஓடும். பலர் ஏமாந்துபோவதே அதனால்தான். ஊற்றிய அன்றும் ஓடும், அடுத்த வாரமும் ஓடும். சில ஆயிரம் கிலோமீட்டர் போன பிறகு காலையில் ஸ்டார்ட் ஆக அடம்பிடிக்கும், புகை தள்ளும், இழுவை குறையும். பிரித்துப் பார்த்தால் இன்ஜெக்டர் நுனியில் கரி படிந்திருக்கும், பிஸ்டன் ரிங்குகள் பிசினில் ஒட்டிக்கிடக்கும். வண்டியில் குறை எதுவும் இருந்திருக்காது. எண்ணெய் போதிய சூட்டிலும் போதிய சுத்தத்திலும் போகவில்லை, அவ்வளவுதான்.

நான் பழைய டீசல் கார் ஒன்றை இரண்டு டேங்க் முறையில் (ஒன்றில் டீசல், இன்னொன்றில் தாவர எண்ணெய்) பல வருடமாக ஓட்டி வருகிறேன். புதிதாக இறங்குபவர்கள் முதலில் கேட்பது எந்த வால்வு நல்லது, எந்த ஃபில்டர் வாங்கலாம் என்றுதான். காரில் செய்ய வேண்டிய வேலை மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும். எண்ணெயைச் சேகரித்து, தெளியவைத்து, வடிகட்டி, ஈரம் போக்கும் வேலை கார் இருக்கும்வரை தொடரும். அந்த வேலையில் உங்களுக்குப் பொறுமை இருக்குமா என்பதை முதலில் யோசித்துக்கொள்ளுங்கள். இருக்கும் என்றால் மேற்கொண்டு படியுங்கள்.

எண்ணெயை ஏன் சூடாக்க வேண்டும்

டீசல் இன்ஜினுக்கும் தாவர எண்ணெய்க்கும் உள்ள உறவு பழையது. 1900-இல் பாரிஸ் உலகக் கண்காட்சியில் ஓட்டோ நிறுவனம் ஒரு சிறிய டீசல் இன்ஜினைக் கடலை எண்ணெயில் ஓட்டிக் காட்டியது. ஓட்டம் சீராக இருந்ததால் அது கடலை எண்ணெயில் ஓடுகிறது என்பதே மிகச் சிலருக்குத்தான் தெரிந்தது என்று ருடால்ஃப் டீசல் 1912-இல் நினைவுகூர்ந்தார். ஆனால் அதற்குப் பிறகு வந்த பம்புகளும் இன்ஜெக்டர்களும் பெட்ரோலியத்திலிருந்து எடுக்கும் மெல்லிய டீசலை மனதில் வைத்தே வடிவமைக்கப்பட்டன. நம் காரில் இருப்பவை அவைதான்.

வித்தியாசம் எவ்வளவு என்று பாருங்கள். 40 டிகிரி செல்சியஸில் டீசலின் பாகுத்தன்மை 2 முதல் 4.5 சென்டிஸ்டோக் வரை இருக்கும். பெரும்பாலான தாவர எண்ணெய்களுக்கு அது 30 முதல் 40 வரை. அதாவது ஏறக்குறைய பத்து மடங்கு கெட்டி. இன்ஜெக்டர் டீசலைப் பனிபோலத் தூவும். அதே துளை வழியாகக் கெட்டி எண்ணெய் போனால் பெரிய துளிகளாக விழும். பெரிய துளி முழுதாக எரிவதற்குள் சிலிண்டர் சுவரில் போய் ஒட்டிக்கொள்கிறது. ஒட்டியது கரியாகிறது. மிச்சம் ரிங்கைத் தாண்டிக் கீழே வழிந்து இன்ஜின் ஆயிலில் கலக்கிறது. கலந்த எண்ணெய் சூட்டில் வெந்து வெந்து பிசினாக மாறும். இன்ஜின் கெடுவது இந்த வழியில்தான்.

சூடாக்கினால் எண்ணெய் இளகும். 80 டிகிரிக்குக் கொண்டுபோனால், 40 டிகிரியில் இருந்த பாகுத்தன்மை சுமார் மூன்றில் ஒரு பங்காகிவிடும். அப்போதும் டீசல் அளவுக்கு மெலிதாகாது. ஆனால் பழைய உறுதியான இன்ஜின்களுக்கு அது போதும். ஓடும் இன்ஜினின் ரேடியேட்டர் தண்ணீர் எப்படியும் 80, 90 டிகிரியில் சுற்றிக்கொண்டே இருக்கிறது. அந்தச் சூட்டை எண்ணெய்க்குக் கடத்துவதுதான் மாற்றியமைப்பு என்று நாம் சொல்லும் வேலையின் சாரம்.

இதற்கு வேறு வழிகளும் உண்டு. எண்ணெயை மெத்தனாலோடும் காரத்தோடும் வினைபுரியவைத்து பயோடீசலாக மாற்றினால் காரைத் தொடவே வேண்டாம். ஆனால் மெத்தனால் விஷம், எளிதில் தீப்பிடிக்கும். வீட்டில் செய்ய நான் யாருக்கும் சொல்வதில்லை. எண்ணெயோடு டீசலையோ மண்ணெண்ணெயையோ கலந்து நேரடியாக ஊற்றுபவர்களும் இருக்கிறார்கள். சூடாக்காமல் கலப்பது மேலே சொன்ன பாதிப்பைத் தள்ளிப்போடுமே தவிரத் தடுக்காது. ஒரே டேங்கில் எண்ணெய் ஊற்றி, நாசில், ஹீட்டர் பிளக், டைமிங் எல்லாவற்றையும் மாற்றி ஓட்டும் முறையும் உண்டு. ஜெர்மனியின் எல்ஸ்பெட் நிறுவனம் அதில் பேர்போனது. அது இன்ஜினுக்கு இன்ஜின் மாறுபடும் நுணுக்கமான வேலை. முதல்முறை செய்பவருக்கு இரண்டு டேங்க் முறையே பாதுகாப்பு: டீசலில் ஸ்டார்ட் செய்வீர்கள், சூடானதும் எண்ணெய்க்கு மாறுவீர்கள், நிறுத்துவதற்கு முன் மறுபடி டீசலுக்கு வருவீர்கள்.

எந்தக் கார் ஏற்றது

முன் அறை வைத்த பழைய டீசல் இன்ஜின்தான் ஏற்றது. அதில் எரிபொருள் நேராக சிலிண்டருக்குள் தெளிக்கப்படாமல், தலைப்பகுதியில் உள்ள ஒரு சிறிய அறையில் தெளிக்கப்பட்டு அங்கேயே பற்றத் தொடங்கும். அந்த அறை எப்போதும் நெருப்பாகக் காய்வதால் துளி சற்றுப் பெரிதாக இருந்தாலும் எரிந்துவிடும். மெர்சிடிஸ் டபிள்யூ123 கார்களில் வந்த ஓஎம்616, ஓஎம்617 இன்ஜின்கள், ஃபோக்ஸ்வாகனின் பழைய 1.6, 1.9 முன் அறை டீசல்கள், பெஜோ, சித்ரோன் கார்களில் வந்த எக்ஸ்யூடி வரிசை எல்லாம் இந்த வகை.

அடுத்து பம்பைப் பாருங்கள். பல இடங்களில் முடிவைத் தீர்மானிப்பது இன்ஜின் அல்ல, இந்தப் பம்புதான். ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனித்தனி பிளஞ்சர் வரிசையாக நிற்கும் இன்லைன் பம்ப் மிக உறுதியானது. பழைய மெர்சிடிஸ்களில் இருப்பது அதுவே; அதன் கீழ்ப்பகுதிக்கு உயவு இன்ஜின் ஆயிலிலிருந்து வருகிறது. பாஷ் ரோட்டரி பம்புகள் எரிபொருளையே உயவாக நம்பியிருப்பவை. எண்ணெய் நன்றாகச் சூடாகியிருந்தால் தாங்கும். லூகாஸ் வகை ரோட்டரி பம்புகள் கெட்டி எண்ணெயின் சுமையைத் தாங்காதவை. ஒரே மாடல் காரில் சிலவற்றுக்கு பாஷ், சிலவற்றுக்கு லூகாஸ் என்று வந்திருக்கும். எக்ஸ்யூடி இன்ஜினே அப்படித்தான். ஆகவே மாடல் பெயரை மட்டும் நம்பாமல் பானட்டைத் திறந்து பம்பின் மேல் உள்ள தகட்டைப் படித்துவிடுங்கள்.

காமன் ரெயில் கார்களை, அதாவது எல்லா இன்ஜெக்டர்களுக்கும் ஒரே உயர் அழுத்தக் குழாயிலிருந்து டீசல் போகும் புதுவகைக் கார்களைத் தொடாதீர்கள். அவற்றின் அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டும், பாகங்களின் இடைவெளி மிக நுண்ணியது, உள்ளே எண்ணற்ற சென்சார்கள். புகைப்போக்கியில் துகள் வடிகட்டி இருந்தால் இன்னும் மோசம். அதைச் சுத்தம் செய்ய இன்ஜின் கூடுதல் எரிபொருளைத் தெளிக்கும்போது, டீசல் ஆவியாவதுபோல் தாவர எண்ணெய் ஆவியாகாமல் ஆயிலில் போய்ச் சேரும்.

சரி, ஏற்ற வகைக் கார் கிடைத்துவிட்டது. அது நல்ல நிலையில் இருக்கிறதா? ஓய்ந்துபோன இன்ஜினைத் தாவர எண்ணெய் குணப்படுத்தாது. கம்ப்ரஷன் சோதனை செய்யச் சொல்லுங்கள். சிலிண்டருக்கும் சிலிண்டருக்கும் இடையே 3 பாருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். இன்ஜெக்டர்களைக் கழற்றி, தெளிப்பு எப்படி இருக்கிறது, எந்த அழுத்தத்தில் திறக்கிறது என்று பெஞ்சில் பார்க்கச் சொல்லுங்கள். ஹீட்டர் பிளக் எல்லாம் வேலை செய்ய வேண்டும். குளிர்ந்த காலையில் டீசலிலேயே ஸ்டார்ட் ஆகத் திணறும் கார் இந்த வேலைக்கு ஆகாது. இந்தச் சோதனைகளுக்குச் செலவழிக்கத் தயங்கி நேரே டேங்க் வாங்கப் போகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். பிறகு இன்ஜின் கெட்டால் பழி எண்ணெய் மேல் விழும்.

கார் வாங்கும் முன்பே சட்டத்தையும் விசாரித்துவிடுங்கள். எரிபொருள் வரி, வண்டியில் மாற்றம் செய்ய அனுமதி, புகைச் சோதனை, பழைய எண்ணெயைச் சேகரிக்க உரிமம் ஆகிய நான்கும் நாட்டுக்கு நாடு வேறு. பிரிட்டனில் 2007 முதல் ஆண்டுக்கு 2,500 லிட்டருக்குக் குறைவாகச் சொந்தமாகத் தயாரிப்பவருக்கு எரிபொருள் வரி விலக்கு தரப்பட்டது. அமெரிக்காவில் சான்றிதழ் இல்லாத மாற்றமே விதிமீறலாகிவிடும். காப்பீட்டு நிறுவனத்திடமும் எழுத்தில் தெரிவியுங்கள்.

என்னென்ன வேண்டும்

இரண்டாவது டேங்க்தான் பெரிய பொருள். 30 முதல் 50 லிட்டர் போதும். ஸ்டெப்னி வைக்கும் குழியிலோ டிக்கியிலோ பொருத்தலாம். அலுமினியம் அல்லது துருப்பிடிக்காத எஃகு வாங்குங்கள். செம்பு, பித்தளை, துத்தநாகம் பூசிய தகடு மூன்றும் வேண்டாம். செம்பு சூடான எண்ணெயில் பட்டால் அது பிசினாவதை வேகப்படுத்தும். குழாய் இணைப்பு வாங்கும்போதும் இதை மறக்காதீர்கள். டேங்கிற்குச் செம்பைத் தவிர்த்துவிட்டு, உள்ளே சூடாக்கும் சுருளை மட்டும் செம்பில் போட்டவர்கள் உண்டு. எண்ணெய் மிகுதியாகச் சூடேறுவது அந்தச் சுருளைச் சுற்றித்தான்.

குழாய்க்குச் சாதாரண ரப்பர் நாளடைவில் ஊறிப் பருத்துவிடும். சூடான எண்ணெயைத் தாங்கும் ‘விட்டான்’ (Viton) போன்ற ரப்பர் விலை கூடுதலானாலும் அதையே போடுங்கள். விட்டமும் முக்கியம். டீசலுக்கு 8 மில்லிமீட்டர் குழாய் போதுமென்றால் எண்ணெய்க்கு 10 முதல் 12 வேண்டும். கெட்டியானதை இழுக்கப் பம்ப் மூச்சு முட்டக் கூடாது.

பிறகு தனியாக ஒரு எரிபொருள் ஃபில்டர், அதைச் சுற்றிச் சூடான தண்ணீர் ஓட ஓர் உறை. இன்ஜினுக்குப் பக்கத்தில் ஒரு தட்டு வகை ஹீட் எக்ஸ்சேஞ்சர், அதாவது தண்ணீரின் சூட்டை எண்ணெய்க்குக் கடத்தும் கருவி. அதன் பித்தளை அல்லது செம்புப் பற்றவைப்பு எண்ணெயைத் தொடுமென்றால் நிக்கல் பற்றவைப்பு உள்ளதைத் தேடுங்கள். மின்சாரத்தால் திறந்து மூடும் மூன்று வழி சோலனாய்டு வால்வுகள் இரண்டு: ஒன்று இன்ஜினுக்குப் போகும் பாதைக்கு, இன்னொன்று திரும்பி வரும் பாதைக்கு. இரண்டையும் ஒன்றாக்கிய ஆறு வழி வால்வும் உண்டு. எனக்குத் தனித்தனி வால்வே பிடிக்கும், காரணம் கீழே வரும். எண்ணெய் இன்ஜினுக்குள் நுழையும் இடத்தில் ஒரு வெப்பமானி, ஃபில்டருக்கும் பம்புக்கும் நடுவில் ஒரு வெற்றிட மீட்டர். வெற்றிட மீட்டரைப் பலர் ஆடம்பரம் என்று விட்டுவிடுகிறார்கள். ஃபில்டர் அடைத்துக்கொள்வதை வண்டி நடுவழியில் நிற்பதற்கு முன்பே சொல்லும் பொருள் அது ஒன்றுதான்.

பொருத்தும் முறை

முதலில் ஒரு தாளில் படம் வரைந்துகொள்ளுங்கள். எண்ணெய் டேங்கிலிருந்து புறப்பட்டு ஃபில்டர், ஹீட் எக்ஸ்சேஞ்சர், வால்வு, பம்ப் என்று முன்னோக்கி வருகிறது. சூடான தண்ணீர் எதிர்த்திசையில் போக வேண்டும்: இன்ஜினிலிருந்து முதலில் ஹீட் எக்ஸ்சேஞ்சர், பிறகு ஃபில்டர் உறை, கடைசியாக டேங்க், அங்கிருந்து திரும்ப இன்ஜின். பம்புக்குள் நுழையும் முன் எண்ணெய் கடைசியாகத் தொடுவது அதிகச் சூடான இடமாக இருக்க வேண்டும் என்பதே இந்த ஏற்பாட்டின் நோக்கம். டேங்கில் உள்ளதை முழுவதுமாகக் கொதிக்கவைக்கத் தேவையில்லை. குழாயில் ஓடும் அளவுக்கு இளகினால் போதும். அதிகமாகக் காய்ந்தால் எண்ணெய் சீக்கிரம் கெடும்.

இன்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் கூலண்டைத் திறக்க வேண்டும். பேட்டரி வயரைக் கழற்றிவிடுங்கள். டேங்கை இரும்புப் பட்டைகளால் சட்டத்தோடு இறுக்கி மாட்டுங்கள். நிறைந்த 50 லிட்டர் டேங்க் கிட்டத்தட்ட 46 கிலோ எண்ணெயைச் சுமக்கிறது, திடீரென்று பிரேக் போட்டால் அது முன்னால் பாயும். டேங்கின் காற்றுக் குழாய் காருக்கு வெளியே திறக்க வேண்டும்.

டேங்கிலிருந்து முன்பக்கம் வரும் எண்ணெய்க் குழாயையும் இரண்டு தண்ணீர்க் குழாய்களையும் ஒன்றாகச் சேர்த்து, மேலே வெப்பம் தாங்கும் நுரை உறையைச் சுற்றிவிடுங்கள். மூன்றும் ஒட்டிக்கொண்டு வந்தாலே எண்ணெய் வழியெல்லாம் சூடாகும். தண்ணீர்க் குழாயை ஹீட்டருக்குப் போகும் ஹோஸிலிருந்து ‘டீ’ (T) இணைப்பு போட்டு எடுக்கலாம். புகைக் குழாய்க்கும் சுழலும் பாகங்களுக்கும் அருகே எந்தக் குழாயும் போகக் கூடாது.

இப்போது வால்வுகள். போகும் பாதை வால்வு டீசலுக்கும் எண்ணெய்க்கும் நடுவில் தேர்ந்தெடுக்கும். திரும்பும் பாதை வால்வு, பம்பிலிருந்து மிஞ்சி வருவதை எந்த டேங்கிற்கு அனுப்புவது என்று தீர்மானிக்கும். எண்ணெயிலிருந்து டீசலுக்கு மாறும் கணத்தில் பம்புக்குள் இருப்பது எண்ணெய். இரண்டு வால்வும் ஒரே நேரத்தில் மாறினால் அந்த எண்ணெய் டீசல் டேங்கிற்குப் போய்விடும், தினமும் கொஞ்சம் கொஞ்சமாக. தனித்தனி சுவிட்ச் இருந்தால் போகும் பாதையை முதலில் மாற்றி, அரை நிமிடம் திரும்பும் பாதையை எண்ணெய் டேங்கிலேயே விட்டு, அப்புறம் அதையும் மாற்றலாம். தனி வால்வு வேண்டும் என்று நான் சொல்வது இதற்காகத்தான். மின் இணைப்பில் ஃப்யூஸ் கட்டாயம். மின்சாரம் இல்லாதபோது வால்வு தானாக டீசல் பக்கம் நிற்கும்படி இணையுங்கள்.

திரும்பும் பாதையில் ஒரு விரல் நீளத்துக்கு ஒளி ஊடுருவும் குழாய்த் துண்டு போட்டுவைத்தால் இரண்டு பயன். காற்றுக் குமிழி வருகிறதா என்று தெரியும். டீசலுக்கு மாற்றிய பிறகு எண்ணெயின் நிறம் போய் டீசல் நிறம் வர எத்தனை நொடி ஆகிறது என்று எண்ணிக்கொள்ளலாம். உங்கள் காருக்கான அந்தக் கணக்கை ஒருமுறை எடுத்துவிட்டால் போதும், பிறகு துண்டை எடுத்துவிடுங்கள். அது சூட்டில் நீண்ட காலம் தாங்காது.

எல்லாம் முடிந்ததும் எண்ணெயை ஊற்றிவிடாதீர்கள். இரண்டாவது டேங்கிலும் டீசலையே ஊற்றி ஒரு வாரம் ஓட்டுங்கள். எங்கேயாவது கசிந்தால், காற்று இழுத்தால், வால்வு மாறாமல் நின்றால் அப்போதே தெரிந்துவிடும், இன்ஜினுக்கும் எந்தக் கேடும் வராது. மெல்லிய டீசலே கசியாத இணைப்பில் எண்ணெய் கசியாது. ஆனால் காற்று மட்டும் வேறு கதை. கெட்டி எண்ணெயை இழுக்கும்போது வெற்றிடம் கூடும், தளர்ந்த கிளாம்ப் வழியாகக் காற்று புகும். எண்ணெய்க்கு மாறியபின் மறுபடி ஒவ்வொரு கிளாம்பையும் இறுக்கிப் பாருங்கள்.

எண்ணெய்

இங்கேதான் நிதானம் வேண்டும்.

எந்த எண்ணெய் என்று முதலில் பார்ப்போம். தேங்காய் எண்ணெயும் பாமாயிலும் எளிதில் பிசினாகாது, ஆனால் குளிரில் உறைந்துவிடும். தேங்காய் எண்ணெய் சுமார் 24 டிகிரியிலேயே கட்டியாகும். சூரியகாந்தி, சோயா எண்ணெய்கள் குளிரிலும் ஓடும், ஆனால் காற்றுபட்டால் சீக்கிரம் பிசினாகும். ஆளிவிதை எண்ணெய் வண்ணப்பூச்சில் காய்ந்து படலமாவதற்கென்றே சேர்க்கப்படுவது. காருக்குக் கூடவே கூடாது. கடலை எண்ணெயும் கடுகு இனத்தைச் சேர்ந்த ரேப்சீட் எண்ணெயும் நடுவில் நிற்கின்றன. ஜெர்மனியில் எரிபொருளாகும் ரேப்சீட் எண்ணெய்க்கென்றே டிஐஎன் (DIN) 51605 என்று தரநிலை இருக்கிறது. அதன்படி ஒரு கிலோ எண்ணெயில் தண்ணீர் 750 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது, திடக் கசடு 24 மில்லிகிராமுக்கு மேல் இருக்கக் கூடாது. எவ்வளவு சுத்தம் எதிர்பார்க்கப்படுகிறது என்பதை இந்த எண்களிலிருந்து புரிந்துகொள்ளலாம்.

உணவகங்களில் பொரித்து மிஞ்சிய எண்ணெயைப் பயன்படுத்துவதை நான் விரும்புகிறேன். சாப்பிட வேண்டிய எண்ணெயை எரிப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒரு தடவை பயன்பட்டு, இனி யாரும் தொட முடியாத எண்ணெய் இன்னொரு தடவை பயன்படுகிறது என்பதே இந்த வேலையில் என்னைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் பழைய எண்ணெயில் மூன்று எதிரிகள் உண்டு: உணவுத் துணுக்கு, தண்ணீர், அமிலம்.

வாங்கப் போகும்போது எத்தனை நாளுக்கு ஒருமுறை எண்ணெயை மாற்றுகிறார்கள் என்று கேளுங்கள். அடிக்கடி மாற்றுமிடத்தில் எண்ணெய் தேன் நிறத்தில் தெளிவாக இருக்கும். கறுத்து, நாறி, நுரைத்து, டின்னின் அடியில் வெண்ணெய்போல் கட்டி நிற்பதை இலவசமாகத் தந்தாலும் வாங்காதீர்கள். அறைச் சூட்டில் திரவமாக இருப்பதை மட்டும் வாங்குங்கள்.

கொண்டுவந்ததை உயரமான டிரம்மில் ஊற்றி அசையாமல் வைத்துவிடுங்கள். மூன்று நான்கு வாரம். மண்டியும் தண்ணீரும் கீழே இறங்கும். வடிக்கும் குழாய் டிரம்மின் அடியில் இல்லாமல் ஒரு சாண் உயரத்தில் இருக்கட்டும். அடியில் தேங்குவதை எடுக்க இன்னொரு சிறு குழாய். காலம் செய்யும் இந்த வேலையை எந்த ஃபில்டரும் முழுதாகச் செய்ய முடியாது. தெளிவதற்குள் அவசரப்பட்டு வடிகட்டியவருக்கு இரண்டு மடங்கு ஃபில்டர் செலவாகும்.

தெளிந்த மேல் எண்ணெயை முதலில் ஒரு மெல்லிய கம்பி வலையில், பிறகு பை ஃபில்டரில் 10 மைக்ரான், 5 மைக்ரான், கடைசியாக 1 மைக்ரான் என்று இறக்குங்கள். சூடாக்கி வடிகட்டினால் வேகமாக இறங்கும்தான். ஆனால் சூட்டில் கொழுப்பு உருகி எண்ணெயோடு சேர்ந்தே வந்துவிடும், பிறகு குளிர்ந்த காலையில் காரின் ஃபில்டரில் போய் உறையும். ஆறிய எண்ணெயை மெதுவாக வடிகட்டினால் அந்தக் கொழுப்பு பையிலேயே தங்கிவிடும். இரவில் ஊற்றிவைத்துவிட்டுத் தூங்கப் போங்கள்.

தண்ணீர் போயிற்றா என்று பார்க்க எளிய சோதனை ஒன்று உண்டு. இரும்பு வாணலியை 140 டிகிரி அளவுக்குக் காயவைத்து, ஒரு தேக்கரண்டி எண்ணெயை மெதுவாக விடுங்கள். கண்ணாடி போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் இருந்தால் குமிழி குமிழியாகக் கிளம்பும், படபடவென்று வெடிக்கும். ஒரு குமிழிகூட வராமல் எண்ணெய் அப்படியே பரவிப் படுத்தால் நல்லது. குமிழி வந்தால் டிரம்மை 60 டிகிரிக்குச் சூடாக்கி, அந்தச் சூட்டிலேயே சில மணிநேரம் வைத்து, பிறகு இரண்டு மூன்று நாள் ஆறவிட்டு அடியில் இறங்கியதை வடியுங்கள். மறுபடி வாணலிச் சோதனை. பம்பின் உள்ளே இருக்கும் பளபளப்பான எஃகைத் தண்ணீர் துருவாக்கிவிடும், அந்தப் பழுதுக்குப் பம்பையே மாற்ற வேண்டிவரும். ஆகவே இந்தச் சோதனையில் சமரசம் வேண்டாம்.

அமிலத்தை அளக்க ஒரு லிட்டர் வடிநீரில் 1 கிராம் காஸ்டிக் சோடா கரைத்துவைத்துக்கொள்ளுங்கள். 10 மில்லி ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலில் 1 மில்லி எண்ணெயைக் கலந்து, நிறம் காட்டும் திரவமான ஃபினாப்தலீன் இரண்டு சொட்டு விட்டு, அந்தச் சோடா நீரைச் சொட்டுச் சொட்டாகச் சேர்த்துக் கலக்குங்கள். இளஞ்சிவப்பு நிறம் அரை நிமிடம் மறையாமல் நின்றால் நிறுத்தி, எத்தனை மில்லி போனது என்று பாருங்கள். 3 மில்லிக்கு மேல் போனால் அந்த எண்ணெயை நான் காரில் ஊற்றுவதில்லை. கையுறையும் கண்ணாடியும் அவசியம், காஸ்டிக் சோடா தோலை அரித்துவிடும்.

சுத்தமான எண்ணெயை மூடிய கேன்களில், விளிம்புவரை நிரப்பி, வெளிச்சம் படாத இடத்தில் வையுங்கள். தாவர எண்ணெய் பற்றிக்கொள்ளும் சூடு 200 டிகிரிக்கு மேல் என்பதால் சேமிப்பில் டீசலை விடப் பாதுகாப்பானது. ஆனால் எண்ணெய் துடைத்த துணிகளைக் குவித்துவைக்காதீர்கள். காற்றில் காயும் தன்மையுள்ள எண்ணெய் துணிக்குள் மெல்ல மெல்லச் சூடேறித் தானாகவே தீப்பிடிக்கும். துணியை விரித்துக் காயவிடுங்கள், அல்லது தண்ணீர் நிரம்பிய இரும்பு டப்பாவில் மூழ்கவைத்து மூடுங்கள்.

தினசரி ஓட்டம்

டீசலில் ஸ்டார்ட் செய்யுங்கள். இன்ஜின் முழுச் சூட்டுக்கு வந்து, எண்ணெய் வெப்பமானி 70 டிகிரியைத் தாண்டிய பிறகே மாறுங்கள். இன்ஜின் சூட்டைக் காட்டும் ஊசி மேலே வந்தவுடன் மாறத் தோன்றும். எண்ணெயின் சூடு அதற்குச் சில நிமிடம் பின்னால்தான் வரும். கூட்ட நெரிசலில் நெடுநேரம் ஐடிலில் நிற்க வேண்டியிருந்தால் டீசலுக்குத் திரும்பிவிடுங்கள். ஐடிலில் சிலிண்டர் குளிர்ந்து எண்ணெய் பாதி எரிந்து போகும். ஏற்றமான சாலையும் நீண்ட தூரமும்தான் எண்ணெய்க்குப் பொருத்தமான ஓட்டம்.

உங்கள் பயணம் பெரும்பாலும் ஐந்து, ஆறு கிலோமீட்டர் என்றால் இந்த வேலையே வேண்டாம். சூடேறுவதற்குள் வீடு வந்துவிடும்.

நிறுத்துவதற்கு முன் டீசலுக்கு மாற்றி, நீங்கள் கணக்கெடுத்த நேரத்துக்குக் கொஞ்சம் கூடுதலாகவே ஓட்டி எண்ணெயை வெளியேற்றுங்கள். எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன். ஒரு குளிர்கால இரவு களைப்பில் வீடு வந்து, அப்படியே சாவியைத் திருப்பி நிறுத்திவிட்டேன். காலையில் இன்ஜின் சுற்றியது, பற்றவில்லை. பம்பிலும் இன்ஜெக்டர் குழாய்களிலும் எண்ணெய் கெட்டித்துக் கிடந்தது. மீண்டும் மீண்டும் ஸ்டார்ட்டரை இழுத்துப் பேட்டரியும் தீர்ந்தது. கடைசியில் இன்ஜெக்டர் நட்டுகளைத் தளர்த்தி, டீசலைக் கையால் பம்ப் செய்து, ஒவ்வொன்றாக எண்ணெயை வெளியே தள்ள ஒரு பகல் முழுதும் ஆனது. அன்றே ஒரு பஸ்ஸரை வாங்கி, எண்ணெய் வால்வு திறந்திருக்கும்போது சாவியைத் திருப்பினால் கத்தும்படி இணைத்தேன். நீங்கள் அதை முதல் நாளே செய்துவிடுங்கள்.

மைலேஜ் சற்றே குறையும். ஒரு லிட்டர் தாவர எண்ணெயில் உள்ள ஆற்றல் டீசலை விட ஐந்து முதல் எட்டு சதவீதம் குறைவு. நல்ல சூட்டில் ஓடும்போது இழுவையில் பெரிய மாற்றம் தெரியாது. பெரிதாகத் தெரிந்தால் ஃபில்டரைப் பாருங்கள்.

பராமரிப்பு

இன்ஜின் ஆயிலைக் கம்பெனி சொல்லும் இடைவெளியில் பாதிக்கே மாற்றுங்கள். வாரம் ஒருமுறை டிப்ஸ்டிக்கை எடுத்துப் பாருங்கள். மட்டம் குறைவது பழைய காரில் சகஜம், கூடுவதுதான் ஆபத்து. கூடினால் எண்ணெய் ரிங்கைத் தாண்டி ஆயிலில் இறங்குகிறது என்று பொருள். விரலில் தொட்டு நூல்போல் இழுபட்டாலோ, டிப்ஸ்டிக்கில் கூழ்போல் ஒட்டினாலோ அன்றே வண்டியை நிறுத்தி ஆயிலை வடித்துவிடுங்கள். இந்தக் கெட்டித்தல் படிப்படியாக நடப்பதில்லை. ஓர் எல்லை தாண்டியதும் சட்டென்று நடக்கும், ஆயில் போகும் வழிகளை அடைக்கும்.

முதல் ஆயிரம் கிலோமீட்டருக்குள் ஒரு தடவை எரிபொருள் ஃபில்டரை மாற்ற வேண்டிவரும். அதற்குப் பிறகு வெற்றிட மீட்டர் சொல்லும் கணக்கில் மாற்றினால் போதும். காரில் எப்போதும் ஒரு மாற்று ஃபில்டரும் அதைக் கழற்றும் சாவியும் இருக்கட்டும். வருடம் ஒருமுறை ஓர் இன்ஜெக்டரைக் கழற்றி நுனியைப் பாருங்கள். உலர்ந்த சாம்பல் நிறம் நல்லது. பூப்போல் விரிந்த கரி இருந்தால் எண்ணெய் போதுமான சூட்டில் வரவில்லை, அல்லது நீங்கள் சீக்கிரம் மாறுகிறீர்கள். கரியைச் சுரண்டிவிட்டு அப்படியே ஓட்டாமல், எது காரணம் என்று தேடுங்கள்.

ஒரு மாதத்துக்கு மேல் காரை எடுக்க மாட்டீர்கள் என்றால், கடைசிப் பயணத்தை முழுக்க டீசலிலேயே ஓட்டி முடியுங்கள். எண்ணெய் டேங்கில் மிச்சம் உள்ளதை வடித்துக் கேனில் ஊற்றி மூடிவையுங்கள். பாதி காலியாக விட்ட டேங்கின் மேல் சுவரில் காற்றும் எண்ணெயும் சேர்ந்து தோலாகப் படியும். திரும்ப எடுக்கும் நாளில் அந்தத் தோல் உரிந்து முதல் ஃபில்டரை அடைக்கும். கேனில் வைத்ததை மறுபடி டேங்கில் ஊற்றும் முன் ஒரு தேக்கரண்டி எடுத்து வாணலியில் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.